மீத்தேன் கோடு இறங்கினால் கசிவு குறைந்துவிட்டதா?

எரிசக்தித் துறையிலிருந்து வெளியேறும் மீத்தேன் பற்றிய வரைபடங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. 1990-இல் தொடங்கி இன்றுவரை ஓடும் ஒரு கோடு. அது இறங்கியிருந்தால் "பார்த்தீர்களா, அந்த நாடுகள் திருந்திவிட்டன" என்கிறது ஒரு தரப்பு. ஏறியிருந்தால் "இவர்கள் எதுவுமே செய்யவில்லை" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்புக்கும் அந்தக் கோட்டின் மேல் ஒரே நம்பிக்கை. யாரோ ஆண்டுதோறும் கருவி வைத்து அளந்து, அந்த எண்களைக் கொண்டு கோடு போட்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அது. உண்மையில் அந்த எண்களில் பெரும்பாலானவை யாரும் அளக்காதவை. மேசையில் உட்கார்ந்து பெருக்கிப் போட்டவை.

அதற்காக அவை பொய் என்று சொல்லிவிட முடியாது. எப்படிப் பெருக்கினார்கள் என்று தெரிந்துகொண்டு படித்தால் மிகவும் பயனுள்ள எண்கள்தான். தெரியாமல் படித்தால் தலைகீழான முடிவுக்குக்கூடப் போய்விடலாம். இந்தக் கட்டுரைக்கு ஐரோப்பாவையும் மத்திய ஆசியாவையும் எடுத்துக்கொள்கிறேன். உலக வங்கி தன் புள்ளிவிவரங்களில் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே வட்டாரமாக வைக்கிறது. ஒரு மீத்தேன் கோடு எத்தனை காரணங்களால் ஏறி இறங்க முடியுமோ, அத்தனையும் கடந்த 35 ஆண்டுகளில் அங்கே நடந்திருக்கின்றன.

மீத்தேன் எங்கிருந்து கிளம்புகிறது

இயற்கை எரிவாயு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மீத்தேன்தான். ஆகவே எரிவாயுத் தொழிலில் காற்றில் தப்பிப் போவது விற்க வேண்டிய சரக்கே. கிணற்றிலிருந்து அடுப்புவரை அந்த வாயு பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்கிறது. வழி நெடுக வால்வுகள், இணைப்புகள், கம்ப்ரெசர் நிலையங்கள். கம்ப்ரெசர் என்பது வாயுவை அழுத்தி அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் இயந்திரம். அதன் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தேய்ந்தால் வாயு கசியும். சில கருவிகள் வாயுவின் அழுத்தத்தாலேயே இயங்கும்படி அமைக்கப்பட்டவை. அவை பழுதே இல்லாமல் ஓடும்போதுகூட ஒவ்வொரு இயக்கத்துக்கும் கொஞ்சம் மீத்தேனை வெளியே விடும்.

எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு சேர்ந்து வாயுவும் மேலே வரும். அதை எடுத்துப்போகப் பக்கத்தில் குழாய் இல்லையென்றால் கொளுத்திவிடுவார்கள், அல்லது அப்படியே காற்றில் விட்டுவிடுவார்கள். கொளுத்துவதற்கு ஃப்ளேரிங் என்று பெயர், சும்மா விடுவதற்கு வென்டிங். கொளுத்தினால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடுகிறது, அந்த அளவுக்கு நல்லது. ஆனால் முழுவதும் எரிகிறதா? கணக்கேடுகளில் 98 சதவீதம் எரிந்துவிடுவதாக எடுத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்காவின் மூன்று எண்ணெய்ப் படுகைகளுக்கு மேல் விமானத்தில் பறந்து அளந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, அணைந்துபோன சுடர்களையும் சேர்த்துப் பார்த்தால் 91 சதவீதம்தான் அழிகிறது என்று காட்டியது. அதாவது 2 சதவீதம் தப்பும் என்று எழுதிவைத்த இடத்தில் 9 சதவீதம் தப்பிக்கொண்டிருந்தது.

நிலக்கரி இன்னொரு பெரிய மூலம். பல கோடி ஆண்டுகளில் கரி உருவாகும்போதே மீத்தேனும் உருவாகி, கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. மேலே கிடக்கும் பாறையின் அழுத்தம் அதை அங்கேயே பிடித்துவைத்திருக்கிறது. கரியை வெட்டினால் அழுத்தம் விலகி வாயு விடுபடும். பொதுவாக ஆழம் கூடக் கூட வாயுவும் கூடும். காற்றில் 5 முதல் 15 சதவீதம்வரை மீத்தேன் கலந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் சுரங்கத்துக்குள் பெரிய விசிறிகளைக் கொண்டு காற்றை ஓட்டி, மீத்தேனை 1 சதவீதத்துக்கும் கீழே நீர்த்துப்போகச் செய்து வெளியே தள்ளுகிறார்கள். அது தொழிலாளிகளின் உயிரைக் காக்கும் ஏற்பாடு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியே வரும் அந்த மெலிந்த கலவையைப் பிடித்து எரிப்பது கடினம். மொத்தமாகப் பார்த்தால் அதில் போகும் மீத்தேனோ ஏராளம்.

இவை தவிர விறகு, சாணம் போன்றவை அரைகுறையாக எரியும்போதும் கொஞ்சம் வரும். சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில் உலகின் கரி, எண்ணெய், எரிவாயுத் தொழில்கள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 12 கோடி டன் மீத்தேனை வெளியிடுகின்றன. மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதி பெரும்பாலும் கால்நடைகள், நெல் வயல்கள், குப்பைமேடுகள்.

அளவு சிறிது, சூடு பெரிது

மீத்தேன் காற்றில் ஏறக்குறைய 12 ஆண்டுகள்தான் தாக்குப்பிடிக்கும். அப்புறம் வேதிமாற்றத்தில் சிதைந்துவிடும். ஆனால் இருக்கும்வரை கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஒரு டன் மீத்தேனையும் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடையும் 20 ஆண்டுகளுக்கு ஒப்பிட்டால் மீத்தேனின் தாக்கம் 80 மடங்குக்கும் மேல். 100 ஆண்டுகளுக்கு ஒப்பிட்டால் சுமார் 30 மடங்கு. தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றின் ஒவ்வொரு நூறு கோடி மூலக்கூறுகளிலும் 700-க்குச் சற்று மேல் இருந்த மீத்தேன், இப்போது 1,900-ஐத் தாண்டிவிட்டது. சீக்கிரம் சிதைந்துவிடும் வாயு என்பதால், இன்று குறைத்தால் பலனும் சீக்கிரமே தெரியும். காலநிலை விஷயத்தில் ஒரு தலைமுறைக்குள் பலன் தெரியக்கூடிய வேலைகள் மிகக் குறைவு. அந்தச் சிலவற்றில் இது ஒன்று என்பதால்தான் இந்தக் கோட்டைச் சரியாகப் படிப்பது இவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறேன்.

கோடு எப்படிப் போடப்படுகிறது

ஒரு நகரத்தில் குடிநீர்க் குழாய்களில் எவ்வளவு தண்ணீர் ஒழுகி வீணாகிறது என்று கணக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் கீழே வாளி வைத்து அளக்க முடியாது. பொறியாளர் ஐம்பது இணைப்புகளை மட்டும் சோதித்து, ஒரு இணைப்புக்குச் சராசரியாக இவ்வளவு ஒழுகல் என்று கண்டுபிடித்து, அதை ஒரு லட்சத்தால் பெருக்கிக் கொடுத்துவிடுகிறார். அடுத்த ஆண்டும் அதே சராசரி, புதிய இணைப்பு எண்ணிக்கை. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே.

முப்பது ஆண்டுகள் இப்படிக் கணக்கெழுதினால் என்ன ஆகும்? பாதி நகரம் காலியாகி இணைப்புகள் துண்டிக்கப்பட்டால், ஒரு திருகைக்கூட யாரும் இறுக்காமலேயே வீணாகும் தண்ணீர் பாதியாகிவிடும். ஊழியர்கள் ஊர் முழுக்கச் சுற்றி ஒழுகலை அடைத்தாலும், பழைய சராசரியையே போட்டுக்கொண்டிருந்தால் அந்த உழைப்பு கணக்கில் தெரியாது. புதிதாக வந்த பொறியாளர் வேறு ஐம்பது இணைப்புகளைச் சோதித்துச் சராசரியைக் குறைத்து எழுதினால், காகிதத்தில் மட்டும் தண்ணீர் மிச்சமாகும். ஒரு பிரதானக் குழாய் வெடித்து ஒரு வாரம் பீறிட்டு ஓடினாலும், அது "இணைப்பு" என்ற தலைப்பில் வராததால் கணக்குக்குள் நுழையாமலே போகலாம்.

மீத்தேன் கணக்கும் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. எவ்வளவு கரி வெட்டினார்கள், எத்தனை கிலோமீட்டர் குழாய் இருக்கிறது, எத்தனை கிணறுகள் ஓடுகின்றன என்பவற்றுக்குச் செயல்பாட்டுத் தரவு என்று பெயர். ஒரு டன் கரிக்கு, ஒரு கிலோமீட்டர் குழாய்க்கு எவ்வளவு மீத்தேன் வெளியாகும் என்று எடுத்துக்கொள்ளும் எண்ணுக்கு உமிழ்வுக் காரணி என்று பெயர். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் வருவது நாட்டின் உமிழ்வுக் கணக்கேடு. ஐநா காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு மூன்று படிகளை வகுத்திருக்கிறது. முதல் படியில் உலகப் பொதுச் சராசரிகளைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாம் படியில் அந்த நாட்டுக்கென்று கண்டறிந்த சராசரிகள். மூன்றாம் படியில் சுரங்கம் சுரங்கமாக, நிலையம் நிலையமாகப் பெற்ற தரவுகள். ஒரே வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நாடுகள் இரண்டு வேறு படிகளில் நிற்கலாம். கோட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஆண்டுதோறும் ஐநாவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவை. துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளுக்கு நெடுங்காலமாக அந்தக் கட்டாயம் இல்லை. இடையில் விடுபட்ட ஆண்டுகளை, ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் நடத்தும் எட்கர் போன்ற தரவுத்தளங்கள் தாங்களே கணித்து நிரப்புகின்றன. வட்டாரம் முழுவதற்கும் ஒரே கோடாகக் காட்டும்போது இந்த வேறுபாடுகளெல்லாம் அதற்குள் கரைந்துவிடுகின்றன.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மீத்தேன் எரிவாயு, எண்ணெய், கரி மூன்றிலிருந்தும் வருகிறது. அதை நேரடியாக அளப்பது அரிது. செயல்பாட்டுத் தரவை உமிழ்வுக் காரணியால் பெருக்கி எழுதுகிறார்கள். கோடு அசைந்தால் அந்த இரண்டில் ஒன்று அசைந்திருக்கிறது; எது என்பதுதான் கேள்வி.

உற்பத்தியே சரிந்த காலம்

ஐரோப்பா, மத்திய ஆசிய வட்டாரத்தின் கோட்டில் முதலில் தெரியும் பெரிய சரிவு 1990-களில் வருகிறது. 1991 இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. தொழிற்சாலைகள் மூடின, சுரங்கங்களில் சம்பளம் நின்றது, வாங்க ஆளில்லாமல் உற்பத்தி விழுந்தது. ரஷ்யாவில் 1990-இல் 40 கோடி டன்னை ஒட்டியிருந்த நிலக்கரி உற்பத்தி, 1998-இல் 23 கோடி டன் அளவுக்குச் சுருங்கியது. துர்க்மெனிஸ்தான் தன் எரிவாயுவை வெளியே அனுப்ப ரஷ்யக் குழாய்களையே நம்பியிருந்தது. 1997-இல் விலையிலும் பணப் பாக்கியிலும் வந்த தகராறில் ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போனது, கிணறுகளை மூடிவைத்தார்கள். இவை எல்லாமே செயல்பாட்டுத் தரவில் விழுந்த அடி. மீத்தேனும் உடன் குறைந்தது. அந்தச் சரிவுக்குப் பின்னால் இருந்தது லட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வாதார நெருக்கடி. அதைச் சூழலியல் சாதனை என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

மேற்கே நடந்தது வேறு கதை, ஆனால் கோட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். பிரிட்டன் 1950-களில் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கும் மேல் கரி வெட்டியது. வட கடல் எரிவாயு, மலிவான இறக்குமதிக் கரி, 1984-85 தொழிலாளர் போராட்டத்துக்குப் பிறகான மூடல்கள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு சுரங்கமாக நின்றது. கெல்லிங்லி என்ற கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. ஜெர்மனியின் கடைசிக் கருங்கரிச் சுரங்கம், போட்ராப் நகரின் புரோஸ்பர்-ஹானியல், 2018 டிசம்பரில் நின்றது. போலந்தில் மேல் சிலேசியாவின் சுரங்கங்கள் இன்னும் ஓடுகின்றன; ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலக்கரி மீத்தேனில் பெரும்பங்கு இன்று அங்கிருந்துதான் வருகிறது.

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுரங்கத்தை மூடினால் மீத்தேன் அன்றோடு நிற்பதில்லை. வெட்டாமல் விட்ட கரியிலிருந்தும் நொறுங்கிய பாறைகளிலிருந்தும் வாயு பல ஆண்டுகளுக்கு ஊறிக்கொண்டே இருக்கும். பழைய காற்றுக்குழிகள் வழியாகவும் நில வெடிப்புகள் வழியாகவும் மேலே வரும். நிலத்தடி நீர் ஏறிச் சுரங்கம் மூழ்கினால் வாயு விரைவில் அடங்கும். வறண்டே கிடந்தால் நெடுநாள் கசியும். கைவிடப்பட்ட சுரங்கம் என்ற தலைப்பு ஒரு நாட்டின் கணக்கேட்டில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே கோட்டின் சரிவு செங்குத்தாகவோ சாய்வாகவோ தெரியும்.

உண்மையிலேயே அடைத்த கசிவு

உற்பத்தி குறைந்ததால் மட்டுமே எல்லாம் குறைந்தது என்று சொன்னால் அதுவும் அநியாயம். பிரிட்டனின் நகரக் குழாய்களைப் பார்க்கலாம். அங்கே வீடுகளுக்கு முதலில் வந்தது நிலக்கரியைக் காய்ச்சி எடுத்த வாயு. அதில் ஈரப்பதம் இருந்தது. வார்ப்பிரும்புக் குழாய்களின் இணைப்புகளில் சணல் போன்ற நாரைத் திணித்து, மேலே ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்திருந்தார்கள். ஈரத்தில் அந்த நார் உப்பி, இணைப்பை இறுக்கமாக வைத்திருந்தது. 1967 முதல் பத்தாண்டுகளில் நாடு முழுவதும் வட கடல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அந்த வாயு வறண்டது. நார் உலர்ந்து சுருங்க, நன்றாக இருந்த இணைப்புகளே கசியத் தொடங்கின. நாரை மீண்டும் உப்பவைக்கக் கிளைக்கால் என்ற திரவத்தைப் பனிமூட்டம்போல வாயுவில் கலந்து அனுப்பிப் பார்த்தார்கள். ஆனால் நிலையான தீர்வு பழைய குழாயையே எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போடுவதுதான். 2002-இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குத் திட்டமிடப்பட்ட அந்த வேலை இன்னும் தெருத் தெருவாக நடந்துவருகிறது. வெடிவிபத்துகளைத் தடுக்கவே தொடங்கினார்கள். மீத்தேனும் கூடவே குறைந்தது.

இது உமிழ்வுக் காரணியே நிஜமாகக் குறைந்த உதாரணம். ஒரு கிலோமீட்டர் பிளாஸ்டிக் குழாய்க்கு ஒரு கிலோமீட்டர் பழைய இரும்புக் குழாயைவிட மிகக் குறைந்த காரணி. குழாய் வகைகளைத் தனித்தனியாக எழுதும் கணக்கேட்டில்தான் இந்த உழைப்பு தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி போடும் முதல் படிக் கணக்கில், தெரு முழுக்கத் தோண்டி மாற்றினாலும் கோடு அசையாது.

எல்லை தாண்டிப் போன மீத்தேன்

ஐரோப்பிய ஆணையம் 2020-இல் வெளியிட்ட மீத்தேன் உத்தி ஆவணம், ஒன்றியத்தின் எரிசக்தித் துறை மீத்தேன் 1990-இல் இருந்ததில் பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறது. அதே ஆவணம் இன்னொன்றையும் சொல்கிறது. ஐரோப்பா வாங்கிப் பயன்படுத்தும் எரிவாயுவால் எல்லைக்கு வெளியே உண்டாகும் மீத்தேன், உள்ளே வெளியாவதைப்போல மூன்று முதல் எட்டு மடங்குவரை இருக்கலாம். பெரும்பாலோர் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

இது எப்படி நேர்கிறது என்றால், கணக்கேடு நாட்டின் எல்லையைப் பார்த்து எழுதப்படுகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் வயல் 1959-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று. வாயு எடுக்க எடுக்க நிலம் அதிர்ந்து வீடுகள் விரிசல்விட்டதால் 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தி, 2024-இல் நிரந்தரமாக மூடினார்கள். அங்கே கிணறு மூடியதால் நெதர்லாந்தின் கணக்கில் மீத்தேன் குறையும். அடுப்புக்கு வேண்டிய வாயு நின்றுவிடவில்லை. வேறு நாட்டுக் கிணற்றிலிருந்து குழாயிலோ கப்பலிலோ வருகிறது. அந்தக் கிணற்றின் கசிவு அந்த நாட்டின் கணக்கில் எழுதப்படும். ஒன்றியம் இன்று தனக்கு வேண்டிய எரிவாயுவில் 80 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது.

ஆக, எந்த நாட்டிலிருந்து வாங்குகிறோம் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. எடுத்த எரிசக்தியின் ஒவ்வோர் அலகுக்கும் எவ்வளவு மீத்தேன் தப்புகிறது என்ற விகிதத்துக்கு மீத்தேன் செறிவு என்று பெயர். சர்வதேச எரிசக்தி முகமையின் ஒப்பீட்டில் நார்வே, நெதர்லாந்து போன்றவை மிகக் குறைந்த செறிவு உள்ளவை. துர்க்மெனிஸ்தான், வெனிசுவேலா போன்றவை மிக அதிகம். நல்ல முனைக்கும் மோசமான முனைக்கும் இடையே 100 மடங்குக்கும் மேல் இடைவெளி. இரண்டு நாடுகளும் செய்வது ஒரே தொழில், பூமியிலிருந்து வருவதும் ஒரே வாயு. இடைவெளி பெரும்பாலும் பராமரிப்பிலும் விதிகளிலும் இருக்கிறது. குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதுவரை கோடு இறங்க மூன்று வழிகளைப் பார்த்தோம்: உற்பத்தி விழுவது, கசிவை அடைப்பது, உற்பத்தியை எல்லைக்கு வெளியே தள்ளிவிடுவது. மூன்றிலும் நிலத்தில் ஏதோ ஒன்று நிஜமாக மாறுகிறது. நான்காவது வழியில் நிலத்தில் எதுவும் மாற வேண்டியதில்லை.

பேனா நகர்ந்தால் கோடும் நகரும்

உமிழ்வுக் காரணிகளை அவ்வப்போது திருத்துவது வழக்கம். நல்ல தரவு கிடைத்தால் திருத்தத்தான் வேண்டும். திருத்தும்போது 1990 முதல் எல்லா ஆண்டுகளுக்கும் திரும்பக் கணக்கிட வேண்டும் என்பது விதி. ரஷ்யா தன் எண்ணெய், எரிவாயு மீத்தேன் கணக்கை இப்படிப் பலமுறை மாற்றியிருக்கிறது. ஒரே ஆண்டுக்கு, வெவ்வேறு ஆண்டுகளில் சமர்ப்பித்த அறிக்கைகளில் மிகவும் வேறுபட்ட எண்களைக் காணலாம். வட்டாரத்தின் மிகப் பெரிய எரிவாயு உற்பத்தியாளர் என்பதால் அந்த ஒரு திருத்தமே வட்டாரக் கோட்டைத் தூக்கவோ தாழ்த்தவோ போதும். ஆகவே பழைய அறிக்கையிலிருந்து ஒரு எண்ணையும் புதிய அறிக்கையிலிருந்து ஒரு எண்ணையும் எடுத்து "இவ்வளவு குறைந்தது" என்று சொல்வது பெரிய தவறு. எடுத்தால் இரண்டையும் ஒரே பதிப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

இதைவிட அதிகமாகக் குழப்புவது அலகு. மீத்தேனை டன்னில் சொல்லலாம். அல்லது கார்பன் டை ஆக்சைடு சமமதிப்பில், அதாவது "இத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடானது" என்று மாற்றியும் சொல்லலாம். மாற்றுவதற்குப் பெருக்க வேண்டிய எண் காலத்தோடு மாறிவந்திருக்கிறது. 100 ஆண்டுக் கணக்கில் ஐபிசிசியின் 1995 அறிக்கையில் அது 21. 2007 அறிக்கையில் 25. 2013-இல் 28. 2021 அறிக்கையில் புதைபடிவ எரிபொருள் மீத்தேனுக்கு ஏறக்குறைய 30. ஒரு நாடு 10 லட்சம் டன் மீத்தேன் வெளியிடுகிறது என்போம். 21-ஆல் பெருக்கினால் 2.1 கோடி டன். 28-ஆல் பெருக்கினால் 2.8 கோடி டன். ஒரு வால்வுகூட மாறவில்லை, உமிழ்வு மூன்றில் ஒரு பங்கு கூடியதுபோலத் தெரியும். 20 ஆண்டுக் கணக்குக்குப் போனால் அதே 10 லட்சம் டன் 8 கோடி டன்னையும் தாண்டும். கோபத்தைக் கிளப்ப நினைப்பவர்கள் பெரிய எண்ணையும், சமாதானம் சொல்ல நினைப்பவர்கள் சிறிய எண்ணையும் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று வரைபடத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். மீத்தேனை வெறும் டன்னில் காட்டும் வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மேலிருந்து பார்த்தபோது தெரிந்தது

கணக்கேடு கீழிருந்து, கருவி கருவியாகக் கூட்டி எழுதப்படுவது. செயற்கைக்கோள் வந்த பிறகு மேலிருந்து பார்க்கும் வழியும் கிடைத்தது. மீத்தேன் குறிப்பிட்ட அலைநீளங்களில் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. நிலத்தில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் அந்த அலைநீளங்கள் எவ்வளவு மங்கியிருக்கின்றன என்று பார்த்தால் இடையில் எவ்வளவு மீத்தேன் இருக்கிறது என்று கணிக்கலாம்.

ஜிஎச்ஜிசாட் என்ற கனடா நிறுவனத்தின் சிறிய செயற்கைக்கோள், 2019 தொடக்கத்தில் மேற்குத் துர்க்மெனிஸ்தானில் ஒரு சேற்று எரிமலையைப் பார்ப்பதற்காகத் திருப்பப்பட்டது. எரிமலையைத் தேடிய படத்தில், கோர்பெஜே எண்ணெய்-எரிவாயு வயலின் கம்ப்ரெசர் நிலையம் ஒன்றின் பக்கத்திலிருந்து பெரிய மீத்தேன் மூட்டம் எழுந்து காற்றில் நீண்டு கிடப்பது தெரிந்தது. 2017-இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் பழைய தரவுகளைப் புரட்டியபோது, அது மாதக்கணக்கில் வெளியாகிக்கொண்டிருந்தது உறுதியானது. விஷயம் தூதரக வழியில் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கசிவு நின்றது. யாருடைய கணக்கேட்டிலும் "கோர்பெஜேயில் இவ்வளவு" என்று ஒரு வரி இருந்திருக்காது. மீத்தேனுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. பக்கத்திலேயே வேலை செய்பவருக்கும் கண்ணால் தெரிய வழியில்லை.

இப்படிப்பட்ட மூலங்களை மிகை உமிழ்வு மூலங்கள் என்கிறார்கள். கசிவுகளை அளந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஒரே தோற்றம்தான்: மிகப் பெரிய 5 சதவீதக் கசிவுகளே மொத்தக் கசிவில் பாதிக்கும் மேல் விடுகின்றன. சராசரியை வைத்துப் பெருக்கும் முறை ஏன் தடுமாறுகிறது என்பது இப்போது புரியும். அந்த ஐம்பது இணைப்புகளுக்குள் பீறிடும் ஒன்று அகப்படாவிட்டால் சராசரியே தாழ்ந்துபோகும். ருமேனியாவில் 2019-இல் விமானங்களிலும் வண்டிகளிலும் டிரோன்களிலும் சென்று எண்ணெய் வயல்களை அளந்த ஆய்வுக் குழு கண்டதும் அதுதான். அரசின் கணக்கேட்டில் இருந்ததைவிட உமிழ்வு அதிகம்.

செய்தியில் அடிபடும் விபத்துகளுக்கும் ஓர் அளவுணர்வு வேண்டும். 2022 செப்டம்பரில் பால்டிக் கடலடியில் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்தபோது சுமார் 4.65 லட்சம் டன் மீத்தேன் வெளியேறியதாக ஐநா சுற்றுச்சூழல் திட்டம் ஒருங்கிணைத்த ஆய்வு கணித்தது. ஒரே சம்பவத்தில் மனிதர்கள் வெளியிட்டதாகப் பதிவான மிகப் பெரிய அளவுகளில் ஒன்று. ஆனாலும் உலகின் கரி, எண்ணெய், எரிவாயுத் தொழில்கள் ஓராண்டில் விடும் 12 கோடி டன்னில் அது அரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கஜகஸ்தானின் மங்கிஸ்தாவ் பகுதியில் 2023 ஜூனில் வெடித்த ஒரு கிணறு டிசம்பர் இறுதிவரை அடங்கவில்லை. ஆய்வாளர்கள் கணித்தது சுமார் 1.27 லட்சம் டன். இவை பெரிய நிகழ்வுகள்தான், ஆனால் நீண்டகாலக் கோட்டை உருவாக்குவது பெயர்கூட இல்லாமல் தினமும் கசியும் ஆயிரக்கணக்கான இடங்கள்.

செயற்கைக்கோளும் எல்லாவற்றையும் பார்த்துவிடாது. மேகம் மறைக்கும். பனியும் கடல்நீரும் இந்த அலைநீளங்களில் மிகக் குறைவான ஒளியையே திருப்பி அனுப்பும். துர்க்மெனிஸ்தானின் வறண்ட பாலைவனம் மேலிருந்து பார்க்க மிக வசதியான இடம். சைபீரியாவின் வடக்கும் வட கடலும் மிகக் கடினமான இடங்கள். செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும் பெரிய கசிவுகளின் பட்டியலில் துர்க்மெனிஸ்தான் அடிக்கடி வருவதற்கு அங்கே கசிவு அதிகம் என்பது முதல் காரணம். தெளிவாகத் தெரியும் இடம் என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பார்த்துச் சொன்னால் மட்டும் அடைத்துவிடுகிறார்களா? ஐநா சுற்றுச்சூழல் திட்டம் செயற்கைக்கோளில் தெரியும் பெரிய கசிவுகளைப் பற்றி அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் எச்சரிக்கை அனுப்புகிறது. 2024-இல் அது வெளியிட்ட அறிக்கையின்படி, இரண்டு ஆண்டுகளில் அனுப்பிய சுமார் 1,200 எச்சரிக்கைகளில் ஒரு சதவீதத்துக்குத்தான் பொருட்படுத்தத் தக்க பதில் வந்தது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வருத்தம் தரும் எண் இதுதான். கசிவு எங்கே என்று தெரிந்தது, அடைக்கவும் வழி இருந்தது, பதில் எழுதக்கூட ஆளில்லாமல் போனது.

இனி வரும் ஆண்டுகளில் கோடு எப்படி நகரலாம்

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் தொடங்கிய உலக மீத்தேன் உறுதிமொழி, 2020-ஐ அடிப்படையாக வைத்து 2030-க்குள் 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்கிறது. 150-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. துர்க்மெனிஸ்தானும் கஜகஸ்தானும் 2023-இல் சேர்ந்தன, ரஷ்யா சேரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் எரிசக்தித் துறைக்கென்று தனி மீத்தேன் சட்டம் கொண்டுவந்தது. நிறுவனங்கள் கசிவைத் தேடிப் பிடித்து அடைக்க வேண்டும், மதிப்பீட்டோடு நிற்காமல் நேரில் அளந்து அறிக்கை தர வேண்டும், வழக்கமாக வாயுவைக் காற்றில் விடக் கூடாது என்கிறது. இயற்றப்பட்ட வடிவில் அந்தச் சட்டம், 2027 முதல் இறக்குமதி செய்யும் வாயுவுக்கும் ஈடான கண்காணிப்பு இருப்பதைக் காட்டச் சொல்கிறது.

இதனால் விசித்திரமான ஒன்று நடக்கலாம். இதுவரை பொதுச் சராசரியைப் போட்டுவந்த ஒரு நாடு முதன்முறையாகக் கிணறு கிணறாக அளக்கத் தொடங்கினால், அதுவரை தெரியாமல் இருந்த பெரிய கசிவுகளெல்லாம் கணக்குக்குள் வந்துசேரும். கோடு சட்டென்று மேலே போகும். அப்போது செய்தித் தலைப்பு "மீத்தேன் உமிழ்வு எகிறியது" என்றுதான் வரும். அதைப் பார்த்ததும் அந்த நாட்டைத் திட்டுவதற்கு முன்னால், அறிக்கையில் கணக்கீட்டு முறை என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். முன்னால் முதல் படியில் இருந்தவர்கள் மூன்றாம் படிக்கு ஏறியிருக்கிறார்களா? 1990 முதல் எல்லா ஆண்டுகளையும் புதிய முறையில் திரும்பப் போட்டிருக்கிறார்களா, அல்லது அளந்த ஆண்டிலிருந்து மட்டும் மாற்றியிருக்கிறார்களா? பின்னது என்றால் அந்த ஒரே இடத்தில் கோடு படிக்கட்டுபோல நிமிர்ந்திருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள சரிவுகளைத் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும்.